தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மொழி தெரியாத நாடுகளுக்குச் சுற்றுலா போவது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கையில் செல்போன் இருந்தால் போதும், உலகத்தையே சுற்றிவிடலாம் என்கிற தொனியில் இருந்தது. பாதி சரி. பேச்சு வராததால் யாரும் பட்டினி கிடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, விரலை நீட்டிக் காட்டியே வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். சிக்கல் வருவது, இரண்டு பேருமே புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு பிரிகிற இடத்தில்தான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பல்கேரியாவில் தலையை இடமும் வலமும் ஆட்டினால் ஆமாம், மேலே தூக்கினால் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனாலும் தப்ப முடியாது, ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்களோடு பழகியவர்கள் சிலர் நமக்காக மாற்றி ஆட்டுவார்கள், எதிரில் நிற்பவர் எந்தக் கணக்கில் ஆட்டுகிறார் என்பதை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் கணக்கும் அப்படித்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் ஜெர்மனியில் 2, சீனாவில் 8. எத்தியோப்பியாவில் மணியையே சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள், அதாவது நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. கார் ஓட்டுநர் ‘2 மணிக்கு வருகிறேன்’ என்று விரலைக் காட்டிவிட்டுப் போய்க் காலை 8 மணிக்கே வந்து நிற்பார், நீங்கள் மதியம் கிளம்பலாம் என்று படுத்திருப்பீர்கள். அவர்கள் நாட்காட்டியும் வேறு, வருடத்துக்கு 13 மாதம். அதனால் எண் என்று வந்தாலே எழுதிக் காட்டுங்கள், இல்லை போனில் தட்டிக் காட்டுங்கள். நேரம் என்றால் அது யாருடைய நேரம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கேள்வி கேட்கிற விதம். ‘இந்த பஸ் ரயில் நிலையத்துக்குப் போகுமா?’ என்று சைகையில் கேட்டால் பலரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பாதி மரியாதைக்காக, பாதி இந்த ஆள் நகர்ந்தால் போதும் என்று. ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியையே தவிர்த்துவிடுங்கள். வரைபடத்தைக் காட்டி, பஸ் போகிற வழியை அவர் விரலாலேயே காட்டச் சொல்லுங்கள்.

இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வெளிநாட்டு மருந்துக் கடைக்காரம்மா. காய்ச்சலோடு போய் நின்றேன். போனில் வந்த மொழிபெயர்ப்பைப் படித்து அவர் இன்னும் குழம்பினார். கடைசியில் மாத்திரை டப்பாவைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் பாதிச் சூரியன், முழுச் சூரியன், ஒரு பிறை என்று வரிசையாக வரைந்தார். பாதிச் சூரியனுக்கும் பிறைக்கும் கீழே ஒவ்வொரு கோடு, முழுச் சூரியன் மேல் ஒரு பெருக்கல் குறி. காலையும் இரவும் ஒவ்வொன்று, மதியம் கிடையாது. நான் பலமாகத் தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. பேனாவை என் கையில் கொடுத்து, டப்பாவை மூடிக்கொண்டு, என்னையே ஒரு தடவை வரையச் சொன்னார்! மருத்துவர்கள், நர்சுகள் நோயாளியிடம் ‘நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்’ என்று கேட்கிற முறையும் இதேதான்.

மொழிபெயர்ப்புச் செயலியிடமும் இப்படியே நடந்துகொள்ள வேண்டும். வந்த வாக்கியத்தை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், சில சமயம் தூக்கிவாரிப் போடும். தமிழில் யார் செய்தது என்று சொல்லாமலே பேச்சை முடித்துவிடுகிறோம், செயலி சும்மா இருக்காமல் அதுவாகவே ஒரு ‘அவனை’ நுழைத்துவிடுகிறது. நான், நீங்கள் என்று எழுவாயோடு, குட்டிக் குட்டி வாக்கியமாக, எழுத்துத் தமிழில் கொடுத்தால் தேவலாம். சீனாவுக்குப் போகிறவர்கள் அங்கே கூகுள் சேவைகள் முடக்கப்பட்டிருப்பதை மறக்க வேண்டாம், மொழிக் கோப்புகளைக் கிளம்புவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. படிக்கத் தெரியாதவர்களையும் மனதில் வைத்து மெக்சிகோ நகர மெட்ரோவில் 1969 முதலே நிலையத்துக்கு ஒரு படம் வைத்திருக்கிறார்கள். டோக்கியோ சுரங்க ரயிலில் 2004 முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு, கின்சா வழித்தடத்தில் ஷிபுயா என்றால் ஜி 01. இதெல்லாம் சமாளித்துவிடலாம். உடம்பு விஷயம்தான் அப்படி இல்லை. மாத்திரையின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு கூத்து, பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசிட்டமினோஃபென் என்று பெயர். ஒவ்வாமை இருந்தால் அந்த ஊர் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கி, அச்சடித்துப் பையில் வைத்திருப்பதுதான் நல்லது. இதில் செயலியை நான் நம்பமாட்டேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எங்கிருந்தும் அவசரத்துக்கு 112.

தனியாக விமானம் ஏறுகிற வயதானவர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குடியேற்ற அதிகாரி கேட்கிற எல்லாவற்றுக்கும் பயத்தில் ‘யெஸ், யெஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். வேலை பார்க்க வந்தீர்களா என்ற கேள்விக்கும் அதே யெஸ்தான், அதற்கப்புறம் தனி அறையில் உட்கார வேண்டியதுதான். புரியவில்லை என்று தயங்காமல் சொல்லட்டும், ‘தமிழ்’ என்று மட்டும் சொல்லி நின்றாலும் பரவாயில்லை. பெரிய விமான நிலையங்களில் தொலைபேசி வழியாவது மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க முடியும். தங்குகிற முகவரி, அழைத்துப்போக வருகிறவரின் தொலைபேசி எண், திரும்புகிற தேதி, வந்த காரணம் நான்கையும் ஒரே தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் வாசகர்