தொலைஞ்ச ஸ்பைக்கை மீட்டுக் கொடுத்த அக்காவுக்கு

எலி மூளையில எடுத்த என் ரெக்கார்டிங்ல ஸ்பைக், அதாவது நியூரான் (மூளை செல்) விடற குட்டி மின்துடிப்பு, நிறைய காணாமப் போய் நான் புலம்பினது உங்க எல்லாருக்கும் தெரியும். டேட்டா பிழைச்சுது, தீசிஸும் பிழைச்சுது. நன்றி சொல்லிட்டுதான் இன்னிக்கு தூங்கணும்.

முதல்ல அக்காவுக்கு. பேர் போடாதடான்னுட்டாங்க. ஆராய்ச்சிய விட்டு வேற வேலைக்குப் போய் ரொம்ப நாளாச்சு, கைக்குழந்தை வேற. என் புலம்பலைப் படிச்சுட்டு என்ன சாப்ட்வேர்னுகூட கேக்கல, "300லேர்ந்து 3000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பில்டர் பண்ணி பத்து செகண்ட் மட்டும் அனுப்பு, கண்ணால பாக்கணும்"னாங்க. ராத்திரி வாய்ஸ் நோட் வந்துச்சு, குழந்தை எழுந்துடக் கூடாதுன்னு கிசுகிசுன்னு பேசறாங்க.

அவங்க சொன்னது இதுதான்: லேப்ல வழிவழியா வர்ற ஸ்கிரிப்ட் த்ரெஷோல்டை (இதைத் தாண்டினாதான் ஸ்பைக்னு எண்ணற கோடு) ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சிக்னல் எவ்வளவு ஏறி இறங்குதுங்கற அளவு) வச்சு போடுது, பெரிய ஸ்பைக் நிறைய இருக்கற சேனல்ல (ஒரு கம்பியோட பதிவுல) அந்த ஸ்பைக்குங்களே டீவியேஷனை ஏத்திவிட்டுடும், த்ரெஷோல்டும் கூடவே ஏறும், சின்ன ஸ்பைக்கெல்லாம் கீழயே நின்னுடும், அதாவது நல்ல சேனல்லதான் நட்டம் அதிகம்! "தெருவுக்கு நாலு கோடீஸ்வரன் குடிவந்தா சராசரி வருமானம் எகிறும்டா, நடுவுல நிக்கறவன் வருமானம் அப்படியேதான் இருக்கும், அந்த நடு ஆளைப் பிடி"ன்னாங்க. சிக்னலோட மைனஸ் குறியை எடுத்துட்டு மீடியன் (வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற மதிப்பு) பாத்து, 0.6745ஆல வகுத்தா நாய்ஸ் (பின்னணி இரைச்சல்) அளவு, அதுக்கு நாலு மடங்கு த்ரெஷோல்ட். கியான் கிரோகாங்கற ஆராய்ச்சியாளரோட குழு 2004லயே எழுதி வச்ச கணக்கு. ஒரே வரி மாத்தினேன், ஒவ்வொரு டெட்ரோட்லயும் (நாலு கம்பி சேர்ந்த மின்முனை) ஸ்பைக் திரும்பி வந்துச்சு. ஒரே மாதிரி ஸ்பைக்கையெல்லாம் கிளஸ்டர் பண்ணி, அடுத்தடுத்த ஸ்பைக்குக்கு நடுவுல இருக்கற இடைவெளிக்கு ஹிஸ்டோகிராம் போட்டா முதல் ரெண்டு மில்லிசெகண்ட் கிட்டத்தட்ட காலி, ஒரு நியூரான் ஒரு ஸ்பைக் விட்டதும் உடனே அடுத்ததை விடாதுல்ல, நாய்ஸ் இல்ல, நிஜ நியூரான்தான்னு தெரிஞ்சப்ப அழுதுட்டேன்.

வேலைய விட்டுப் போனவங்களுக்கு என் எலியோட ஹிப்போகேம்பஸ் (மூளையில ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி) மேல என்ன அக்கறை இருக்கணும் சொல்லுங்க. ஆனா இருந்துச்சு.

அப்புறம் ஹார்ட் டிஸ்க் கொடுத்தவங்க, சாப்பாடு எடுத்து வச்ச மெஸ் அண்ணன், டைம் வாங்கிக் கொடுத்த கைட், ஸ்பைக்இன்டர்ஃபேஸ், ஃபை மாதிரி ஸ்பைக் பிரிக்க உதவற டூலெல்லாம் காசு வாங்காம எழுதிப் போட்ட முகம் தெரியாத ஆளுங்க, எல்லாருக்கும் மனசார நன்றி.

இனிமே சாப்ட்வேர் கொடுக்கற எண்ணிக்கைய, கச்சா சிக்னலைக் கண்ணால பாக்காம நம்ப மாட்டேன். திருத்தின ஸ்கிரிப்டை வரிக்கு வரி தமிழ்ல விளக்கம் எழுதி இந்த மாசமே பொதுவுல போடறேன். டேட்டாவோட தவிக்கற ஜூனியர்ஸ் யாரா இருந்தாலும் தயங்காம கூப்புடுங்க, ராத்திரி ஆனாலும் சேர்ந்து உக்காந்து பாப்போம்.