கதை சொல்றவங்க பக்கத்துல போய் உக்காந்த ஆராய்ச்சி

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ் கட்டுரையில ‘இலக்கிய ஆராய்ச்சி கதையோட உயிரை எடுத்துடுது’ன்னு எழுதியிருந்தாங்க. அந்தக் கோவம் புரியுது, கதையை சரியா படிக்காமலே கோட்பாட்டை மட்டும் வச்சு பக்கம் பக்கமா எழுதுற ஆய்வுகள் இருக்குதான். அதுக்காக மொத்த ஆராய்ச்சியையும் கதைக்கு எதிரின்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரையே எடுத்துக்கங்க. அவரோட இலியட் காவியத்துல அகிலீஸ்ங்கிற வீரன் சும்மா உக்காந்திருந்தாலும் ‘வேகமான காலுடைய அகிலீஸ்’னுதான் வரும். இப்படி சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்றது ஏன்னு மில்மன் பாரிங்கிற அமெரிக்க அறிஞர் முதல்ல ஏட்டுலயே தோண்டிப் பாத்தார், அதோட நிக்காம 1930கள்ல யூகோஸ்லாவியாவுக்குப் போய் அங்க ஊர் ஊரா வீரக்கதை பாடுறவங்க பக்கத்துல உக்காந்து கேட்டு, பதிவு பண்ணி, எப்படிப் பாடுறீங்கன்னு அவங்ககிட்டயே விசாரிச்சார். அதுல அவ்தோ மெஜெதோவிச்னு ஒருத்தர், எழுதப் படிக்கத் தெரியாதவர், 1935ல ஒரே கதையை 12,000 வரிக்கு மேல சொல்லி எழுத வச்சார். வரிக்கு வரி மனப்பாடம் கிடையாது, சந்தத்துக்குப் பொருந்துற சொற்றொடர்கள் நாக்குல தயாரா இருக்கு, அதை வச்சு சொல்லச் சொல்லவே கதையைக் கட்டுறாங்க. அதே வருஷம் பாரி 33 வயசுல இறந்துட்டார், அந்த வேலையை அவரோட மாணவர் ஆல்பர்ட் லார்ட் எடுத்துட்டுப் போய் 1960ல புத்தகமாக்கினார். இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு ஹோமரைப் படிச்சா, முன்னாடி அலுப்பா இருந்த அந்த வரிகள்லதான் பாடுறவரோட குரலே கேக்குது. இந்த ஆராய்ச்சி எந்த உயிரை எடுத்துச்சு, சொல்லுங்க!

எழுத்தாளர் டோல்கீனும் அப்படித்தான். பழங்கால ஆங்கில மொழியைச் சொல்லிக்குடுத்த பேராசிரியர் அவர். அந்த மொழியில இருக்குற பேவுல்ஃப் காவியத்துல வரலாற்றுத் தகவல் மட்டுமே தேடிட்டு அரக்கர்களை ஓரங்கட்டாதீங்க, கவிதையோட மையமே அவங்கதான்னு 1936ல ஒரு சொற்பொழிவுல வாதாடினார். அடுத்த வருஷமே அவரோட ‘ஹாபிட்’ நாவல் வந்துச்சு, பேவுல்ஃப்ல மாதிரியே இதுலயும் புதையல்லேருந்து ஒரு கிண்ணம் திருடுபோய் டிராகன் கொதிச்சுக் கிளம்பும். ஆய்வாளரும் கதைசொல்லியும் அங்க ஒரே ஆள்தானே?

அதனால ஒரு வேண்டுகோள். உங்க இதழ்ல விமர்சனம் எழுதுறவங்க கோட்பாட்டுப் பேரை அடுக்குறதைக் கொஞ்சம் குறைச்சுட்டு, இந்தக் கதையை யார் சொல்றாங்க, யாருக்கு சொல்றாங்க, எந்த இடத்துல நிறுத்துறாங்க, எதை மறைச்சு வைக்கிறாங்கன்னு எழுதட்டும். கதை சொல்றவங்களையும் ஆய்வாளர்களையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரு உரையாடல் போட்டாலும் ரொம்ப சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்க வாசகர்