விடிகாலை 4:50 பஸ்

பாப்பா,

முந்தாநாள் காலையில் நீ அழுதுகொண்டே போன் பண்ணினபோது, "ராத்திரி நேரத்தோடு படுத்தால் எழுந்திருக்கலாம்ல" என்று ஒரே வரி சொல்லி வைத்துவிட்டேன். 4:50 கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, தாம்பரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் ஆட்டோவுக்குக் காசைக் கொட்டி, அப்படியும் நேரம் தாண்டிப் போய் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கிய பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? போனில் திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

9 மணிக்குப் படுத்தால் உனக்குத் தூக்கம் வராது. விளக்கை அணைத்துவிட்டு மூடின கண்ணுக்குள் கொட்டக்கொட்ட முழித்திருப்பாய், 11 மணிக்குப் போனை எடுப்பாய், 1 மணி ஆகிவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் அந்த ஜாதிதான். உன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

27 வருஷம் கண்டக்டர். அதில் ஒன்பது வருஷம் உசிலம்பட்டி பக்கம் நைட் ஹால்ட். கடைசி டிரிப் ஊருக்குள் போய்ச் சேர ராத்திரி 10:15 ஆகும், கணக்கை முடித்துவிட்டு பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் துண்டை விரித்தால் டிரைவர் அண்ணன் ஐந்து நிமிஷத்தில் குறட்டை விடுவார், நான் நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். காலையில் 4:40க்கு முதல் டிரிப். 4 மணிக்கே பூக்காரம்மாக்கள் மூட்டையோடு வந்து பஸ்ஸைத் தட்டுவார்கள், மதுரை மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் மல்லிகை மலர்ந்து விலை போய்விடும். ஒரு நாள் நின்றுகொண்டே தூங்கி, ஏறினவர்களுக்கு டிக்கெட் கிழிக்காமலே இரண்டு ஸ்டேஜ் போய், சாயங்காலம் பையில் 43 ரூபாய் குறைந்தது. கையிலிருந்து கட்டினேன். இதெல்லாம் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ காலேஜ் படிக்கும்போது 10 மணி வரை தூங்கினால் தண்ணீர் தெளித்து எழுப்பினது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. சோம்பேறி என்றும் சொன்னேன். ரிட்டயர் ஆன மறுமாதத்திலிருந்து நான் எழுந்திருப்பது 8 மணிக்கு. அம்மா சிரிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த இரண்டு நாளாக உன் தம்பியை உட்காரவைத்து இதைப் பற்றித் தேடிப் படிக்கச் சொன்னேன். உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறதாம், ஆளுக்கு ஆள் அதன் வேகம் கொஞ்சம் வேறுபடும், பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். விட்டால் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிக்கொண்டே போகும், காலை வெளிச்சம்தான் அதை இழுத்து நேராக்குகிறது. இருபது வயதை ஒட்டித்தான் இந்த ராக்கோழி குணம் உச்சத்தில் இருக்குமாம், அப்புறம் வயசாக ஆகக் குறையும். (எனக்குக் குறையவில்லை, அது வேறு கதை.)

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், நம்ம தேனி ரோட்டில், நாகமலை அடிவாரத்தில் இருக்கிற காமராசர் பல்கலைக்கழகத்திலேயே இதை ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் தடவை அந்த ஸ்டாப்பில் விசில் அடித்திருப்பேன்! பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் என்பவர் அங்கே கடிகாரமும் சூரிய வெளிச்சமும் எட்டாத அறையில் ஆட்களை நாள்கணக்கில் தங்கவைத்துப் பார்த்திருக்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் வௌவாலை வைத்துப் பண்ணினது. வெளிச்சமே நுழையாத குகைக்குள் ஒரு கூண்டில் வௌவாலை வைத்தார்கள். மற்ற வௌவால்கள் சாயங்காலம் கிளம்பிப் போவதையும் விடியுமுன் திரும்புவதையும் வைத்தே அது தன் நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டதாம். கூட்டம் இல்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் தன் போக்கில் நகர்ந்துவிட்டது.

இதைப் படித்ததும் டிரைவர் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். லீவில் வீட்டில் இருக்கும்போது என்னால் 6 மணிக்குக்கூட எழ முடியாது, அந்தத் திண்ணையில் மட்டும் எப்படி ஒன்பது வருஷம் ஓட்டினேன்? அவர் குறட்டை, அவர் பல் விளக்குகிற சத்தம், காலால் ஒரு இடி, தட்டுகிற பூக்காரம்மா.

உன் ரூமில் இருக்கிற மூன்று பிள்ளைகளும் ராத்திரி 12 மணிக்கு வேலையிலிருந்து வந்து, லைட்டைப் போட்டு, மேகி கிண்டிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்கள் என்றாய். நல்ல பிள்ளைகள்தான், உன்னையும் கூப்பிட்டு ஒரு வாய் கொடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் நீ விடிகாலை ஏ ஷிப்ட்டுக்குப் போகிறவள். உன் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் அதே ஹாஸ்டலில் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள் என்றும் நீயேதான் சொன்னாய்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். 9 மணிக்கே படுக்காதே, வழக்கமாகத் தூங்குகிற நேரத்துக்கு முந்தின இரண்டு மணி நேரம்தான் உடம்பு ரொம்ப முழிப்பாக இருக்குமாம், அதோடு மல்லுக்கட்டித்தான் நீ தோற்கிறாய். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் இழு. 1 மணி என்பது 9:30 ஆக ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும், ஆகட்டும். எழுந்திருக்கிற நேரத்தை மட்டும் அசைக்காதே. ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை தூங்கினால் அந்த வாரம் இழுத்தது எல்லாம் போச்சு. வேண்டுமானால் ஒரு மணி நேரம் கூடத் தூங்கு, அதற்கு மேல் வேண்டாம். டிபன் பிரேக்கில் ஏசி கேன்டீனுக்குள்ளேயே உட்காராமல் தட்டோடு வெளியே வந்து வெயிலில் நில். மத்தியானம் 1 மணிக்குமேல் டீ வேண்டாம், ஐந்து மணி நேரம் கழித்தும் அதிலிருக்கிற காஃபீனில் பாதி உடம்பிலேயே இருக்குமாம். அப்புறம், ஷிப்ட் முடிந்து வந்ததும் 3:30க்குப் படுத்து 7 மணி வரை தூங்குகிறாயே, அதுதான் ராத்திரித் தூக்கத்தைத் திருடுகிறது. அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள். போனைப் பற்றி நான் பேசமாட்டேன், நானே ராத்திரி 12 வரை யூடியூபில் பழைய பட்டிமன்றம் பார்க்கிறவன்.

இரண்டு மாதம் இப்படியெல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் ஜெனரல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடு. கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் கேட்காமல் இருந்தேன், அதனால் எனக்கு யாரும் மெடல் தரவில்லை.

முதலில் வார்டன் அம்மாவிடம் போய் இரண்டாவது மாடியில் கட்டில் காலி இருக்கிறதா என்று கேள். வாடகை கூட என்றால் சொல், நான் அனுப்புகிறேன். இடம் கிடைக்கிற வரைக்கும் தினமும் 4 மணிக்கு நான் போன் பண்ணுகிறேன். எடுத்து "ம்" என்று மட்டும் சொல், போதும். எனக்கும் பழைய பழக்கம் கொஞ்சம் திரும்பட்டும்.

அப்பா