உங்கள் சர்வரில் 50 ஜிபியை ஏன் காலியாக விட்டிருக்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “200 ஜிபிக்குக் காசு கட்டுகிறோம், கூட்டிப் பார்த்தால் 150தான் வருகிறது. மீதி எங்கே?” என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி. ஃபோனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

அந்த 50 ஜிபி உங்கள் டிஸ்க்கிலேயேதான் இருக்கிறது, உங்களுடையதுதான். எந்த வேலைக்கும் பிரித்துக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நாங்கள் அமைத்துத் தரும் லினக்ஸ் சர்வர்களில் எல்விஎம் என்று ஒரு அடுக்கு உண்டு. டிஸ்க்கை நேராகத் துண்டு போடாமல், மொத்த இடத்தையும் வால்யூம் குரூப் என்ற பொதுக் கையிருப்பில் சேர்த்துவிடுவோம். அதிலிருந்து சிஸ்டத்துக்கு 30, டேட்டாபேஸுக்கு 80, கோப்புகளுக்கு 40 என்று லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரிப்போம். ஒரே வயலில் வரப்பு போட்டுப் பாத்தி பிரிப்பது மாதிரி. ஆனால் வயலில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. எல்விஎம் இடத்தை வழக்கமாக 4 எம்பி துண்டுகளாகக் கணக்கு வைக்கிறது. ஒரு வால்யூமின் துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. அதனால் டேட்டாபேஸ் வளர வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதை நகர்த்த வேண்டாம், காலியான துண்டுகள் எங்கே கிடந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு இரண்டாவது டிஸ்க் வாங்கினாலும் அதே குரூப்பில் சேர்த்துவிடலாம்.

போன மாதம் ஒரு மொத்த வியாபாரக் கடையிலிருந்து இரவு எட்டு மணிக்கு அழைப்பு. பில் சேவ் ஆகவில்லை, கவுண்டரில் ஆட்கள் நிற்கிறார்கள். உள்ளே போய் டிஎஃப் கட்டளை கொடுத்தால் டேட்டாபேஸ் வால்யூம் 100 சதவீதம். அடுத்து, குரூப்பின் நிலையைக் காட்டும் விஜிஎஸ் கட்டளை கொடுத்தோம்: குரூப்பில் 50 ஜிபி காலி. அப்புறம் வால்யூமை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளை, கூடவே கூட்ட வேண்டிய 20 ஜிபி என்ற அளவும், ஃபைல் சிஸ்டத்தையும் (வால்யூமுக்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) சேர்த்தே பெரிதாக்கச் சொல்லும் ‘ஆர்’ என்ற குறியும். ஒரே வரி, சில விநாடி. சர்வரை நிறுத்தவில்லை, டேட்டாபேஸையும் நிறுத்தவில்லை. காத்திருந்த பில் ஏறிவிட்டது. அந்த 50 ஜிபியையும் முதல் நாளே பங்கு போட்டுக் கொடுத்திருந்தால் அன்றிரவு எதை அழிப்பது என்று தேடிக்கொண்டிருந்திருப்போம்.

அன்று இடத்தைத் தின்றது பில்கள் அல்ல. அங்கே ஓடும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8.0-இல், டேட்டாவில் நடக்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பைனரி லாக் தானாகவே எழுதப்படும், மாற்றாமல் விட்டால் 30 நாள் தங்கும். அதுதான் குவிந்திருந்தது. அதனால்தான் நீங்கள் இடம் கேட்டதும் கொடுத்துவிடாமல் “எது நிறைகிறது என்று முதலில் பார்க்கிறோம்” என்கிறோம். இழுத்தடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம்.

சரி, முதலில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, வேண்டாதபோது குறைத்துக்கொள்ளக் கூடாதா? இங்கேதான் சிக்கல். பெரிதாக்கும்போது வால்யூமை முதலில் நீட்டி, பிறகு ஃபைல் சிஸ்டத்தை நீட்ட வேண்டும். குறைக்கும்போது வரிசை தலைகீழ்: ஃபைல் சிஸ்டம் முதலில் சுருங்க வேண்டும், அதன் பிறகே வால்யூமை வெட்டலாம். வரிசை மாறினால், பயிர் நிற்கும் இடத்தில் வரப்பை உள்ளே தள்ளியதாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கையாலேயே அந்தத் தவறு நடந்தது. 100 ஜிபி வால்யூமை 60 ஆக வெட்டினோம். உள்ளே இருந்த ஃபைல் சிஸ்டமோ தன்னிடம் 100 இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. அதோடு நின்றிருந்தால், எல்விஎம் எடுத்து வைக்கும் பழைய பிரிப்புக் குறிப்பைக் கொண்டு மீட்டிருக்கலாம். வெட்டிய இடத்தை உடனே வேறு வால்யூமுக்குக் கொடுத்து எழுதவும் தொடங்கிவிட்டோம். முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் கணக்குகள் தப்பின. ஆனால் அந்த ஒரு நாள் பதிவை முழுவதும் அந்த அலுவலகத்துப் பெண்கள் இருவர் மறுபடி உட்கார்ந்து ஏற்றினார்கள். அது எங்கள் தவறு, இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து பேக்கப்பை வேறு இடத்தில் திறந்து பார்த்து உறுதி செய்யாமல் எந்த வால்யூமையும் நாங்கள் குறைப்பதில்லை.

ஒழுங்கான வரிசையில் செய்தாலும், இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் என்றால் வேலையை நிறுத்தி, வால்யூமை சிஸ்டத்திலிருந்து தற்காலிகமாகக் கழற்றி, சோதித்த பிறகுதான் குறைக்க முடியும். சென்ட்ஓஎஸ் 7, அல்மாலினக்ஸ் ஆகிய லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டம்தான் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும், ஆனால் குறைக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய வால்யூம் புதிதாக உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுத்து மாற்ற வேண்டியதுதான். வளர்க்க ஒரு நிமிடம், குறைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் குறைவாகக் கொடுத்துத் தொடங்குகிறோம்.

காலி இடத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மென்பொருள் அப்டேட்டுக்கு முன் அதில் 10 ஜிபி எடுத்து ஸ்னாப்ஷாட் (வால்யூம் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) போடுவோம், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். மாற்றங்கள் அந்த 10 ஜிபியைத் தாண்டினால் ஸ்னாப்ஷாட் செல்லாமல் போய்விடும், அதனால் வேலை முடிந்த அன்றே அதை நீக்கிவிடுவோம். இது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் இதுவும் சேர்ந்தே போகும். ஒரே குரூப்பில் இரண்டு டிஸ்க் இருந்து, ஒரு டிஸ்க் போனாலும் டேட்டாவைக் காக்கும் ரெய்டு அமைப்பு இல்லாவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம்: ஒன்று போனாலே இரண்டிலும் பரவிக் கிடக்கும் வால்யூம் கெட்டுவிடும். அப்படி இருப்பவர்களைத் தனியாக அழைத்துப் பேசுகிறோம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். எந்த வால்யூமாவது 80 சதவீதத்தைத் தொட்டால் எங்களிடமிருந்து வாட்ஸ்அப் வரும். அதற்கு அன்றே பதில் போடுங்கள், 98 ஆன பிறகு யோசிக்க நேரம் இருக்காது. அடுத்து, பில்லிங் மென்பொருள் போட வருபவர் “காலி இடம் முழுவதையும் கொடுத்துவிடலாம்” என்று சொன்னால், ரூட் பாஸ்வேர்டு (சர்வரின் முழு அதிகாரம் தரும் பாஸ்வேர்டு) கொடுக்கும் முன் எங்களுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். ஞாயிறானாலும் எடுப்போம்.

இப்படிக்கு,
உங்கள் சர்வர் பராமரிப்புக் குழு