வீட்டுத்தோட்டச் சங்கம், மட்டக்களப்பு: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாகக்குழுவினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

பொதுக்கூட்டம் ஜனவரியில் நடந்தது. சித்திரைக்கு முன் கத்தரி, வெண்டி விதைகள் பகிரப்பட்டன. கூட்டுப்பசளைச் செயலமர்வு ஆரையம்பதியில் ஓர் அங்கத்தவரின் வளவில் நடந்தது. நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தால் கண்காட்சி கைவிடப்பட்டது.

இனி, போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாள் வாசிப்பு வட்டம். அதைத் தொடங்கியவன் என்ற முறையில் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரோபெரிச் செடி நோயை எப்படி எதிர்க்கிறது என்பதை இவ்வருடம் எடுத்துக்கொண்டோம். "இந்த வெயிலில் காய்க்காத பழத்தைப் பற்றி நமக்கென்ன கதை?" என்று நிருவாகக்குழுவிலேயே கேட்டார்கள். நமது கொச்சிக்காய், அதாவது மிளகாய்ப் பழத்தில் குழிவிழுந்து அழுகும் நோயைத் தருவது கொலெட்டோட்ரைக்கம் என்ற பங்கசு (பூஞ்சை). அதன் நெருங்கிய உறவுகள்தான் ஸ்ட்ரோபெரியையும் தாக்குகின்றன. ஸ்ட்ரோபெரியில் ஆராய்ச்சியும் நிறைய நடந்திருக்கிறது. அதன் காட்டு இனமொன்றின் மரபணுத் தொகுதி 2011இலேயே வெளியாகிவிட்டது. தெளிந்த இடத்தில் படித்துவிட்டு நமது கொச்சிக்குத் திரும்பலாம் என்பதே என் எண்ணம்.

நுவரெலியாவிலிருந்து ஓர் அங்கத்தவர் கொண்டுவந்த பெட்டியை மேசையில் திறந்தோம். பழுத்தவற்றில் சாம்பல்நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவற்றோடு ஒட்டிக் கிடந்த வெளிறிய காய் ஒன்றில் ஒரு புள்ளிகூட இல்லை. அன்று வந்திருந்தவர்கள் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

போட்ரைட்டிஸ் என்ற இந்தப் பங்கசு பூவிலேயே புகுந்து, பழம் கனியும்வரை அடங்கிக் கிடக்கக்கூடியது. காயில் தனின் வகைச் சேர்மங்கள் அதிகம், கலச்சுவரும் இறுக்கம். கனியும்போது செடியே சுவரை இளக்கிவிடுகிறது. பங்கசு, கலச்சுவரிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைக் கரைக்கும் நொதியங்களை விடும். அவற்றைப் பிடித்து முடக்கும் புரதமொன்று செடியின் சுவரில் இருக்கிறது. கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிப் புரதங்கள் பங்கசுவின் சுவரிலுள்ள கைட்டின் என்ற பொருளின் துணுக்குகளை உணர்ந்ததும் கல்சியம் உள்ளே பாய்கிறது, ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகிறது, அப்புறம் அந்தக் கைட்டினையே வெட்டும் நொதியங்கள் உருவாகின்றன.

இதையும் தாண்டி வரும் கிருமியின் புரதங்களைக் கண்டுபிடிக்கக் கலத்துக்குள் வேறு புரதங்கள் உண்டு. அவை கண்டுகொண்டால் அந்தக் கலம் தன்னையே அழித்துக்கொள்ளும். உயிருள்ள கலத்தை நம்பிய கிருமிக்கு அத்தோடு வழியில்லை. ஆனால் போட்ரைட்டிஸ் செத்த கலத்தைத் தின்பது, அதற்கு இது விருந்து. ஆகவேதான் முதல் வகைக்குப் பெரும்பாலும் சலிசிலிக் அமிலம், இரண்டாவதற்கு ஜஸ்மோனிக் அமிலம் என்று, தன் எதிர்ப்பைத் தூண்டும் சமிக்ஞைக்குச் செடி இரண்டு வழி வைத்திருக்கிறது. எந்த நோய் என்று தெரியாமல் கடைக்காரர் தந்த மருந்தை அடிக்கும் நாம் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் சாம்பல் பூஞ்சணம் கூடும் என்பதும், வாடிய பூக்களை உடனே அகற்ற வேண்டும் என்பதும் இந்த வட்டத்தில் பேசியவைதான்.

இவ்வளவுக்கும் வந்தவர்கள் ஒரு கைவிரலுக்குள். விதை பகிர்ந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அன்று முன்வரிசையில் இருந்தவர்களை அதன்பின் நான் காணவில்லை. படுவான்கரையிலிருந்து படகும் பேருந்தும் பிடித்து வந்த ஓர் அக்கா இருக்கையில், மண்டபத்துக்கு அடுத்த தெருவில் இருப்பவர்களுக்கு நேரமில்லை என்பது எனக்கு மிகுந்த மனவருத்தம். சந்தாவும் அப்படித்தான். பலர் இரண்டு வருடமாகக் கட்டவில்லை. வீடுவீடாகப் போனபோதும் "வாற மாசம் தம்பி" என்ற பதிலே கிடைத்தது.

கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. கையிருப்பு சொல்லும்படி இல்லை. மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்த மாதர் குழுவினருக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் வருடம் கொச்சிக்காயை எடுக்க விரும்புகிறேன். பங்கசுவைக் கண்ணால் காட்ட ஒரு நுணுக்குக்காட்டி வேண்டும். பழையது என்றாலும் போதும். நிலுவைச் சந்தா வந்தாலே அதை வாங்கிவிடலாம். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதானாலும் மனமார ஒப்படைப்பேன், வாசிப்பு வட்டத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே இருக்கிறார்.

செயலாளர்