கொள்முதல் குழுவினருக்கு: ஆன்டிபாடியை நாற்காலிபோல வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். ஈ.ஜி.எஃப்.ஆர் என்பது செல்லின் சவ்வில் இருந்துகொண்டு ஈ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் ஏற்பிப் புரதம். அதில் ஒட்டி அதைக் காட்டித்தரும் ஆன்டிபாடிக்கான டெண்டர் இம்முறையும் குறைந்த விலை கேட்டவருக்கே போயிருக்கிறது. "ஏற்பியின் வெளிப்பகுதியில் ஒட்ட வேண்டும்" என்று ஆய்வகம் கொடுத்த வரி இறுதி ஆவணத்தில் எப்படிக் காணாமல் போனது என்று கேட்கப்போவதில்லை. விளைவை மட்டும் சொல்கிறோம்.

வந்திருப்பது ஏற்பியின் சி-முனைப் பெப்டைடைக் (புரதச் சங்கிலியின் கடைசித் துண்டை) கொண்டு முயலில் உருவாக்கிய பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. அந்த முனை செல்லுக்குள்ளே இருக்கிறது. உயிருள்ள செல்லின் சவ்வை ஆன்டிபாடி தாண்டாது. ஆகவே, ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃபுளோ சைட்டோமீட்டரில், பத்து லட்சத்துக்கும் மேல் ஏற்பிகள் கொண்ட ஏ431 என்ற புற்றுச்செல்கூட வெறுமையாகவே தெரியும். சப்போனின் போட்டுச் சவ்வைத் துளைத்தால் ஒட்டும்தான். ஆனால் ஈ.ஜி.எஃப் கொடுத்தபின் செல் உள்ளிழுத்துக்கொண்ட ஏற்பிகளும் கணக்கில் சேர்ந்துவிடும். மேற்பரப்பில் எவ்வளவு மிச்சம் என்பதுதானே ஆய்வின் கேள்வி?

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டுக்காவது ஆகுமா என்றால், ஏற்பியின் எடையான 170 கிலோடால்டனில் பட்டை வருகிறது. 55-இலும் ஒன்று வருகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர் இல்லாத சி.எச்.ஓ என்ற வெள்ளெலிச் செல்லிலும் அந்த 55 இருக்கிறது. அப்படியானால் அது வேறு ஏதோ புரதம். பிளாட்டில் இதைப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் இதே ஆன்டிபாடியால் சாயமேற்றிய கட்டியின் திசு வெட்டில் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். அதில் எது ஏற்பி என்று எழுதுவது?

விலையை மட்டும் பார்த்து ஆன்டிபாடி வாங்காதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை. எபிடோப் (ஆன்டிபாடி ஒட்டும் இடம்) எங்கே, எந்தப் பரிசோதனையில் சோதித்தது, ஏற்பியின் ஜீனை நீக்கிய செல்லில் பட்டை மறைகிறதா என்ற மூன்றுக்கும் தரவு தராத விலைப்புள்ளியைத் தொழில்நுட்பச் சுற்றிலேயே நிராகரியுங்கள்.

நாற்காலியில் ஒரு கால் ஆடினால் அட்டையை மடித்துச் செருகலாம். இங்கே செருக எதுவும் இல்லை. வெள்ளி மாலை ஆன்டிபாடியோடு வரும் ஐஸ் பெட்டியைத் திங்கள்வரை ஸ்டோர்ஸ் மேசையிலேயே வைத்துவிட்டு, "பெறப்பட்டது, நல்ல நிலை" என்று முத்திரை குத்துவதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறோம். அந்த "நல்ல நிலை"யை எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று தெரிந்தால் ஆய்வகத்துக்கும் ஒன்று வாங்கலாம்.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம். விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்டருக்கு முன் அனுப்பப்போகும் அதே லாட்டிலிருந்து (தயாரிப்புத் தொகுதியிலிருந்து) 10 மைக்ரோலிட்டர் மாதிரி கேளுங்கள். பாலிகுளோனலில் அடுத்த லாட் வேறொரு முயலின் சீரமாக இருக்கலாம். ஏ431, சி.எச்.ஓ இரண்டிலும் ஓட்டிப் பார்த்து ஆய்வகம் கையெழுத்திட்ட பிறகே பில்லை அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செல் உயிரியல் ஆய்வகத்தினர்