செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு நிர்வாகக் குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைத்துத்தான் நடத்தினோம். புதிய உறுப்பினர்கள் 7 பேர். படிப்பகத்துக்கு ஓடு மாற்றியது, கண் பரிசோதனை முகாம், பொங்கல் விளையாட்டு எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரம் கணக்குத் தாளில் இருக்கிறது. மிச்ச இடத்தைப் பள்ளி வேலைக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு சண்டையும் அதில்தான், சந்தோஷமும் அதில்தான்.

ஆகஸ்ட் 15 அன்று நம் பங்கு எப்போதும்போல மிட்டாயும் மாறுவேடப் போட்டிக்குப் பரிசும். நாலு காந்தி, மூன்று பாரதி, ஒரு கட்டபொம்மன். கட்டபொம்மனின் மீசை வசனத்துக்கு நடுவே விழுந்துவிட்டது. எல்லாம் முடிந்து மிட்டாய் வாங்க வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இன்னிக்குக் கொடியைக் கீழேருந்து மேலே ஏத்துனீங்க, ஜனவரியில மட்டும் மேலேயே கட்டி வச்சு அவுக்குறீங்க, ஏன்?" என்று கேட்டாள். மேடையில் இருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த ஆறில் நானும் ஒருவன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். 1947இல் கொடி புதிதாக ஏறியது, அதனால் ஏற்றுகிறோம். 1950 ஜனவரி 26இல் அது ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது, அதனால் விரிக்க மட்டும் செய்கிறோம். ஏன் ஜனவரி 26 என்று தேடியபோதுதான் நம் ஊர் வந்து மாட்டியது. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலை கேட்டுத் தீர்மானம் போட்டு, 1930 ஜனவரி 26ஐ விடுதலை நாளாகக் கொண்டாடச் சொன்னது. அந்த நாளை மனதில் வைத்துத்தான், 1949 நவம்பர் 26இல் ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத்தை இரண்டு மாதம் கழித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1930 ஜனவரிக்குப் பின் மூன்றே மாதத்தில் உப்பு யாத்திரை நம் பக்கம் வந்துவிட்டது.

ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு பேர் அளவில் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டார். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்ததும் 1919இல் இதே தேதியில்தான். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என்று ஏறத்தாழ 150 மைல் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி விடியலில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்தார்கள். ராஜாஜி கைதானார். அங்கே எல்லா ஏற்பாட்டையும் தாங்கியவர் வேதரத்தினம் பிள்ளை. அவரும் சிறைக்குப் போனார்.

நம் பிள்ளைகள் தண்டியைப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்குகிறார்கள். பஸ் ஏறினால் வந்துவிடும் இடத்தைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. ஏப்ரல் 13 பரீட்சை நேரம், 30 வருவதற்குள் பள்ளிக்கூடம் பூட்டிவிடும். நாட்காட்டியே இந்த நிகழ்வுக்கு எதிரி. ஆகவே பிள்ளைகள் வேதாரண்யம் போகும் நாளை மட்டும் பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமைக்கு மாற்றலாம் என்று முன்மொழிந்தேன். "தேதியை மாத்துனா அது நினைவு நாளா, சுற்றுலாவா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக நினைவு ஸ்தூபியில் மாலை போட நாம் போவோம், பிள்ளைகள் பள்ளி இருக்கும்போது போகட்டும் என்று முடிவானது. மூவர் எதிர்த்தார்கள், பதிவாகியிருக்கிறது.

இன்னொரு சண்டை கல்வெட்டு பற்றியது. ராஜாஜி நம் சாவடியில் தங்கினார் என்று கல்வெட்டு வைக்கச் சிலர் விரும்பினார்கள். எழுத்தில் ஆதாரம் இல்லாததைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் செதுக்க நான் கையெழுத்துப் போடவில்லை. இதில் வருத்தப்பட்டவர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இனி அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை நிகழ்ச்சி. அனுமதிக் கடிதம் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போய் வந்தது, கடைசியில் முதல் நாள் மாலைதான் கிடைத்தது. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 54 பேர், ஆசிரியர்கள் மூவர், வேன் இரண்டு.

1930இல் தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அறிவித்திருந்தார். மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். இதைச் சொற்பொழிவாகச் சொல்லவேண்டாம் என்று தீர்மானித்திருந்தோம். மகளிர் அணியினர் விடியற்காலையிலேயே முன்னால் போய், புளிச்சோற்றை வாழையிலையில் கட்டி வேதாரண்யத்துக்கு வெளியே மரங்களில் தொங்கவிட்டுவிட்டார்கள். நடந்து பசித்து வந்த பிள்ளைகளிடம், "உங்களுக்குச் சோறு போட்டா எங்களுக்கு ஜெயில். நீங்களே தேடிக்குங்க" என்று மட்டும் சொன்னோம். முதலில் சிரித்தார்கள், பிறகு அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்பது பொட்டலம் காக்கைக்கும் எறும்புக்கும் போயிற்று. கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களோடு பங்கு போட்டுத் தின்றார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உப்பளத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பாத்தி கட்டுவதையும், நீர் பாய்ச்சிக் காயவிட்டு உப்பை வாருவதையும் காட்டினார். "பத்து மணிக்கு வந்து உப்பு வார்றேங்குறீங்களே தம்பி, நாங்க வெயிலுக்கு முந்தி வந்துட்டோம்" என்றார். காலில் சிராய்ப்பு இருந்த பையன் ஒருவன் பாத்தியில் இறங்கியதும் துள்ளிக் குதித்தான். மற்றவர்கள் ஒரு கைப்பிடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

ஸ்தூபி அருகே நாடகம். வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தான் சவரம் செய்துகொண்டிருப்பது போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை மடக்கிவிட்டார், அதற்காகச் சிறைக்கும் போனார். போலீஸாக நடித்த பையன் பாதி முகச் சோப்பு நுரையோடு கூட்டத்தைச் சுற்றி ஓடியதில் ஆசிரியர்களும் சிரித்துவிட்டார்கள். "பொம்பளைங்க யாருமே போகலையா?" என்று கேள்வி வந்தது. வேதாரண்யப் போராட்டத்தில் சிறை சென்று, 1946இல் சென்னை மாகாணத்தில் அமைச்சரான ருக்மிணி லட்சுமிபதியைப் பற்றி அங்கேயே சொன்னோம். கேட்டவள் ஆகஸ்டில் கொடியைப் பற்றிக் கேட்ட பெண்ணின் அக்கா என்று பிறகு தெரிந்தது.

குறைகளும் உண்டு. குடிதண்ணீர் போதவில்லை. வெயிலில் இரண்டு பேருக்குத் தலைசுற்றல் வந்தது. அடுத்த முறை ஏழு மணிக்கே புறப்பட வேண்டும். கஜா புயலில் நனைந்துபோன பழைய படங்களில் மிஞ்சியவற்றைக் கண்ணாடி போட்டுப் பள்ளிக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட வேலை இன்னும் முடியவில்லை. பொறுப்பு என்னுடையது.

இந்த நிகழ்ச்சிக்குச் செலவு ரூ.18,640. அதில் வேன் வாடகை மட்டும் ரூ.9,000. நன்கொடை வரவு ரூ.15,200. பற்றாக்குறை சங்க நிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது, பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். குடியரசு தினத்துக்குப் பாலியஸ்டர் கொடிக்குப் பதில் கதர்க்கொடி வாங்கிய கூடுதல் செலவும் இதே தலைப்பில் இருக்கிறது.

ஒத்துழைத்த தலைமையாசிரியருக்கும், புளிச்சோறு கிண்டிய மகளிர் அணிக்கும் நன்றி. சங்கத்தின் பெரிய அலுமினியச் சட்டி ஒன்று அன்றிலிருந்து காணவில்லை. எடுத்துப் போனவர்கள் படிப்பகத்தில் வைத்துவிட்டால் போதும், பெயர் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்